பனை நிரையும் பெர்மிட் தாளும்

நேயர்களுக்கு வணக்கம். கிளிநொச்சியில் எங்கள் பக்கத்துச் சனத்திடம் எந்த ஊர் என்று கேட்டால் ‘டி எட்டு’, ‘டி பத்து’ என்று ஓர் இலக்கத்தைச் சொல்வார்கள். இரணைமடுக் குளத்துத் தண்ணீரை வயலுக்குக் கொண்டுபோகும் கிளை வாய்க்கால்களின் இலக்கங்கள் அவை. வாய்க்கால் முதலில் வந்தது, சனம் பிறகு வந்தது. அதனால் வாய்க்காலின் இலக்கமே ஊர்ப்பெயராகிவிட்டது. அப்படியொரு வாய்க்கால் கரையில், உருத்திரபுரத்தில், 1937இல் காடு வெட்டிக் குடியேறிய குடும்பம் எங்களுடையது.

குளம் அதற்கு முந்தியது. 1902இல் வேலை தொடங்கி 1920 அளவில் முடித்தார்கள். கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய குளம். இரணை என்றால் இரட்டை. தண்ணீர் வற்றும் காலத்தில் குளக்கட்டில் நின்று பார்த்தால் இரண்டு மடுவாகத் தெரியும், பெயருக்கான காரணம் கண்முன்னே கிடக்கும். குளம் இருந்தும் கமம், அதாவது விவசாயம், செய்ய ஆள் வரவில்லை. மலேரியாக் காய்ச்சலுக்கு அவ்வளவு பயம். யாழ்ப்பாணத்தில் பரப்புக் கணக்கில் காணி துண்டுபட்டுக்கொண்டே போக, 1930களின் நடுவில் அரசாங்கம் குடியேற்றத் திட்டத்தைத் தொடங்கியது. காணிக் கச்சேரி என்ற நேர்முகத் தெரிவு வைத்து ஆட்களை எடுத்தார்கள். அப்பப்பாவின் முறை வந்தபோது உள்ளங்கையைத் திருப்பிக் காட்டச் சொல்லி, காய்ப்பு இருக்கிறதா என்று பார்த்தார்களாம்.

காய்ப்பு இருந்தது. வயலுக்கு ஒரு துண்டும் குடியிருக்க மேட்டுக்காணி ஒரு துண்டும் கிடைத்தன.

இந்தக் கதையை எங்கள் வீட்டில் எப்போதும் அப்பப்பாவின் கோடரியில்தான் தொடங்குவார்கள். பாலை மரங்களையும் வீரை மரங்களையும் தறித்தது, யானைக்குப் பரண் கட்டிக் காவல் இருந்தது, இதெல்லாம் உண்மை. ஆனால் எனக்கு அவர் மனைவி, என் அப்பாச்சியின் பனங்கொட்டைதான் முக்கியம். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லப்போகிறேன்.

அப்பாச்சி கோச்சியில், அதாவது ரயிலில், வந்து இறங்கியபோது கூடவே இரண்டு சாக்கு பனங்கொட்டை வந்தது. அப்பப்பாவுக்குக் கோபம். காட்டில் மரம் வெட்டி முடியாமல் நான் சாகிறேன், நீ மரம் கொண்டு வாறாயோ என்று கேட்டாராம். அப்பாச்சி பதில் சொல்லவில்லை. மழைக்கு முன் மேட்டுக்காணியின் நாலு எல்லையிலும் இரண்டு எட்டுக்கு ஒன்றாகப் புதைத்தார். கிழங்கு விழுந்த மணத்துக்குக் காட்டுப் பன்றி வந்து முக்கால்வாசியைக் கிண்டித் தின்றது. அடுத்த வருடம் ஊருக்குப் போய் இன்னொரு சாக்கு கொண்டுவந்தார். அதில் முளைத்து வடலியானதை யானை பிடுங்கியது. மூன்றாம் முறை முள்ளு வெட்டிச் சுற்றிவர அடைத்தார். நடுவில் அவருக்கு இரண்டு தரம் மலேரியா. கொயினா மருந்தின் கசப்பைச் சாகும்வரை மறக்க மாட்டேன் என்பார். பக்கத்துக் காணிக்காரர் இரண்டு பேர் காய்ச்சல் தாங்காமல் யாழ்ப்பாணத்துக்கே திரும்பிவிட்டார்கள். அந்த வருடங்களில் வந்தவர்களில் நின்றவர்களையும் போனவர்களையும் பிரித்தது காய்ச்சல்தான், யானை இல்லை.

பனை பலன் தரப் பதினைந்து இருபது வருடம் ஆகும். கொட்டை புதைத்தவர் அதை நன்றாக அறிந்தவர். நிற்கப்போகிறோம் என்று அவர் முடிவெடுத்த இடம் அதுதான். திரும்பவும் சொல்கிறேன், கோடரி காட்டைத் திறந்தது, குடும்பத்தை அங்கே நிறுத்தியது பனங்கொட்டை.

1946க்குப் பிறகு டிடிடி என்ற நுளம்பு மருந்து அடிக்க வந்தார்கள். 1946இல் இலங்கை முழுக்க ஏறக்குறைய 28 இலட்சம் பேருக்கு மலேரியா. 1963இல் 17 பேர், வெறும் பதினேழு பேர். அதற்குப் பிறகு வன்னிக்கு வந்தவர்களுக்கு எங்கள் அப்பாச்சி பட்டது விளங்காது.

சரி, பெர்மிட் தாளுக்கு, அதாவது காணிக்கு அரசாங்கம் தந்த அனுமதிப் பத்திரத்துக்கு, வருகிறேன். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டத்தின்படி கொடுத்த காணி. அனுமதியில்லாமல் விற்க முடியாது, ஈடு வைக்க முடியாது, துண்டு போட முடியாது. காணிக்காரர் இறந்தால் பின்னுரித்தாளி என்று பெயர் எழுதப்பட்டவருக்குப் போகும். யாழ்ப்பாணத்தில் காணி சீதனமாகப் பெண்ணோடு போகும். இங்கே பெயர் எழுதாமல் விட்டால் சட்டம் மகனைத்தான் முதலில் பார்த்தது. மகளின் பெயரை எழுதக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை, எழுதுவது வழக்கமாக இருக்கவில்லை. அப்பப்பா தன் மகனான என் ஐயாவின் பெயரை எழுதினார். ஐயாவோ கொழும்பில் எழுதுநர் உத்தியோகம். காலபோகம், சிறுபோகம் என்ற இரண்டு நெற்பருவமும் வயலில் நின்றவர் ஐயாவின் தங்கச்சி, என் மாமி. வரப்புக் கட்டியது, நாற்றுப் பிடுங்கியது, சூடு அடிக்க ஆள் பிடித்தது எல்லாம் மாமி.

நேரம் போய்விட்டது என்று ஒலிபரப்பு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். இடப்பெயர்வுகளைப் பற்றி நிறையச் சொல்ல வைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். 1996இல் ஒரு தரம், 2008இல் மறுபடியும். கடைசி முறை மாமி அந்தப் பெர்மிட்டைப் பொலித்தீனில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு முள்ளிவாய்க்கால் வரை போய், முகாமுக்கும் கொண்டுபோனார். அவருடைய பெயர் ஒரு மூலையிலும் இல்லாத தாள் அது.

2010இல் திரும்பி வந்தபோது வீடு இல்லை, கிணறு தூர்ந்து போயிருந்தது, எல்லைக் கல்லைக் காணவில்லை. பனைகளில் பாதி பதுங்குகுழிக்குத் தறிபட்டிருந்தன, சில தலையில்லாமல் நின்றன. ஆனாலும் நாலு மூலையும் தெரிந்தது. பனையைப் பிடித்துத்தான் கயிறு கட்டினோம்.

அடுத்த வருடம் ஐயா பிரதேச செயலகத்துக்குப் போய்ப் பின்னுரித்தாளியாகத் தங்கச்சியின் பெயரை எழுதினார். 2022இல் சட்டத்தையே திருத்தி, மகன் மகள் வித்தியாசத்தை எடுத்துவிட்டார்கள், அது வேறு கதை. ஐயா போன பிறகு காணி மாமியின் பெயருக்கு வந்தது. அன்றைக்கு நானும் கூடப் போயிருந்தேன். படிவத்தில் தொழில் என்ற இடத்தில் செயலகத்துப் பெடியன் ‘வீட்டுப்பணி’ என்று எழுதப் போனான். மாமி மேசையில் கையை வைத்தார்.

“கமம் எண்டு எழுதுங்கோ, தம்பி.”