ஷட்டரை இறக்கிய பிறகும் முடியாத வேலை

(மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங் வட்டாரத்தில் சொந்தக் கிளினிக் நடத்தும் மருத்துவர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வணக்கம். ஒரு நாள் இரவு கிளினிக்கை அடைத்துவிட்டு வந்திருக்கும் டாக்டர்களுக்கும், அவர்களோடு வந்திருக்கும் வீட்டாருக்கும், கவுண்டரில் நிற்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

முதலில் ஒரு கணக்கு. காலை 9 முதல் 1, மதியம் 2 முதல் 5, இரவு 7 முதல் 9.30. நம் பக்கத்துக் கிளினிக்குகள் பலவற்றின் கண்ணாடிக் கதவில் ஏறக்குறைய இந்த நேரம்தான் ஒட்டியிருக்கிறது. நாளுக்கு ஒன்பதரை மணி நேரம் என்றால் ஆறு நாளுக்கு 57. ஏழாம் நாளும் காலை மட்டும் திறப்பவர்கள் நான்கு மணி நேரம் சேர்த்தால் 61. ஷட்டரை இறக்கிய பிறகு பேனல் பாரம் (ஊழியரின் சிகிச்சைச் செலவை ஏற்கும் கம்பெனிக்கு அனுப்பும் பாரம்), மருந்து இருப்பு, பில் என்று ஆறு இரவும் ஒன்றரை மணி நேரம் போனால் இன்னும் 9. ஆக வாரத்துக்கு 70 மணி நேரம். வேலைவாய்ப்புச் சட்டத்தின் திருத்தம் 2023 ஜனவரி 1 முதல் உங்கள் ஊழியருக்கு வாரம் 45 மணி நேரம் என்று எல்லை கட்டியது. சொந்தக்காரருக்கு எல்லை கட்ட யாரும் வரமாட்டார்கள்.

நோயாளிகளைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று பலர் அறிவுரை சொல்வார்கள். நான் அதைச் சொல்லவில்லை. முதலில் அந்த 9 மணி நேரத்தில் கை வையுங்கள் என்கிறேன். நாள் முழுக்க உழைத்துக் கண் சொருகும் நேரத்தில் செய்யும் வேலை அது. பிழை வருவதும் அங்கேதான்.

பேனல் பாரத்தையே எடுத்துக்கொள்வோம். அடையாள அட்டை எண்ணில் ஓர் எண் விடுபட்டிருக்கும், நோயின் பெயர் இருக்காது, நோயாளி கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார். இரவு 10 மணிக்கு டாக்டர் அதைக் கண்டுபிடிக்கும்போது அந்த ஆள் தோட்டத்து வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார். பாரம் அப்படியே போகும், திரும்பி வரும், பணம் இன்னும் ஒரு மாதம் தள்ளிப்போகும். இதற்கு மருந்து ஒன்றுதான்: பாரம் நிறைந்த பிறகே மருந்துப் பை கைமாற வேண்டும். நோய்ப் பெயரை டாக்டர் அறையிலேயே எழுதிவிட வேண்டும், மற்றதைக் கவுண்டர் பார்த்துக்கொள்ளும். பாரம் அங்கேயே முடிந்துவிடுவதால் இரவுக்கு எதுவும் மிச்சமிருக்காது.

மருந்து இருப்பும் அப்படியே. வேகமாகத் தீரும் 30 மருந்துகளுக்கு மட்டும் இருப்புக் குறிப்பட்டை போடுங்கள். பாரசிட்டமால் வாரம் 40 மாத்திரை அட்டை போகிறது, சொல்லி அனுப்பினால் வந்து சேர ஒரு வாரம் ஆகிறது என்றால், 80 அட்டைக்கு இறங்கியதும் ஆர்டர் போக வேண்டும். போக்குவரத்துக்கு ஒரு வாரம், தாமதத்துக்கு ஒரு வாரம். குறிப்பட்டையில் அந்த எண்ணைச் சிவப்பில் எழுதிவிட்டால் ஊழியரே திங்கள் காலை எண்ணிப் பார்த்துச் சொல்லிவிடுவார். சைக்கோட்ரோபிக் (மனநிலையை மாற்றும்) மருந்துப் பதிவேடும் அந்த அலமாரிச் சாவியும் மட்டும் டாக்டர் கையிலேயே இருக்கட்டும். அதற்கு ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் போதும்.

அப்படியானால் முதலாளி வேலையை எப்போது செய்வது? கெடாவில் வெள்ளியும் சனியும் விடுமுறை. பேனல் கம்பெனிகளின் கோலாலம்பூர் அலுவலகங்களுக்கு சனியும் ஞாயிறும். இரண்டு பக்கமும் ஆள் கிடைப்பது திங்கள் முதல் வியாழன் வரை மட்டும். அதனால் செவ்வாய் மதியம் 2 முதல் 5 வரை நோயாளி பார்ப்பதில்லை என்று அறிவித்துவிடுங்கள். 60 நாளைத் தாண்டிய பாக்கிக்குப் போன் போடுவது, ஊழியரோடு பேசுவது, கணக்குப் பார்ப்பது எல்லாம் அந்த மூன்று மணி நேரத்தில். இபிஎப் (சேமநிதி), சொக்சோ (சமூகப் பாதுகாப்பு), மாத வரிப் பிடித்தம் எல்லாவற்றுக்கும் கெடு 15ஆம் தேதி. மாதத்தின் இரண்டாம் செவ்வாய் எப்போதும் 8க்கும் 14க்கும் இடையில்தான் விழும். சம்பளக் கணக்கை அன்றைக்கென்று வைத்துக்கொண்டால் கெடு தவறாது.

இதே விடுமுறை விஷயத்தில் வீட்டுக்குள் நடக்கும் ஒரு தவறையும் சொல்ல வேண்டும். நம்மில் பலர் பழக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை கிளினிக்கை அடைக்கிறோம். ஆனால் கெடாவில் ஞாயிறு பள்ளி நாள். அப்பாவோ அம்மாவோ வீட்டில் இருக்கும்போது பிள்ளை பள்ளியில்; பிள்ளை வீட்டில் இருக்கும் வெள்ளியும் சனியும் டாக்டர் கிளினிக்கில். வாரம் ஒரு நாள் ஓய்வு எடுத்தும் பிள்ளையோடு உட்கார்ந்து பசியாறிய நாள் ஒன்றுகூட இருக்காது. அடைக்கும் நாளை வெள்ளிக்கு மாற்றிப் பாருங்கள். முதல் இரண்டு மாதம் சிலர் வந்து கதவைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். பிறகு பழகிவிடும்.

இரவு நேரத்துக்கு வருவோம். எட்டு வாரம், மணிக்கு மணி, வரும் நோயாளிக்கு ஒரு கோடு போடச் சொல்லுங்கள். தோட்டத்து வெளிக்காட்டு வேலை விடிந்ததும் தொடங்கி மதியத்தோடு முடிகிறது. செம்பனை முள் குத்தி விரல் மூட்டு வீங்கியவர் வருவது அதற்குப் பிறகுதான். சர்க்கரை, பிரஷர் பார்க்கும் பெரியவர்களைக் காலைக்கே வரச் சொல்லிவிடலாம். இதையெல்லாம் கோடு போட்டுப் பார்க்கும்போது, வாரத்தில் இரண்டு இரவாவது கிளினிக் விளக்குக்காகத்தான் திறந்திருக்கிறது என்பது தெரியவரும்.

அந்த இரவுகளை அடைப்பதா, லோக்கம் (நமக்குப் பதில் மணிக்கணக்கில் வந்து பார்க்கும் டாக்டர்) வைப்பதா? ஒரு பேச்சுக்கு லோக்கத்துக்கு மணிக்கு 50 ரிங்கிட் என்று வைப்போம். இரண்டரை மணி நேரத்துக்கு 125. மருந்துச் செலவு போக ஒரு நோயாளியிடம் 20 ரிங்கிட் நிற்கிறது என்றால், ஏழு பேர் வந்தால் கட்டுப்படியாகும். ஐந்து பேர்தான் வருகிறார்கள் என்றால் அடைத்துவிடுங்கள், மனதை உறுத்த வேண்டாம். தனியார் கிளினிக்குகளுக்கான 2006 விதிமுறை ஆலோசனைக் கட்டணத்தை 10 முதல் 35 ரிங்கிட் என்று வைத்து, அது ஆண்டுக்கணக்கில் அசையாமல் நின்றது. இன்னும் ஒரு மணி நேரம் திறந்தால் ஈடு கட்டிவிடலாம் என்ற பழக்கம் அந்த ஆண்டுகளில் வந்தது. பழக்கத்துக்காகத் திறந்து வைக்க வேண்டியதில்லை.

லோக்கம் வருவதற்கு முன்பே அவருடைய இந்த ஆண்டு ஏபிசி (மருத்துவம் பார்ப்பதற்கான ஆண்டுச் சான்றிதழ்), பொறுப்புக் காப்புறுதிப் பத்திரம் இரண்டின் நகலும் கோப்பில் இருக்க வேண்டும். ஏபிசி டிசம்பர் 31 வரைக்கும்தான். ஜனவரியில் பழைய நகலை நம்பி ஆள் வைத்துவிட்டால் பதில் சொல்ல வேண்டியவர் கிளினிக்கின் பொறுப்பாளர். அவருக்கென்று ஒரு பக்கக் குறிப்பும் வையுங்கள்: எந்த மருந்து எந்தத் தட்டில், எந்தப் பேனலுக்கு எவ்வளவு வரம்பு, டெங்கி என்றால் 24 மணி நேரத்துக்குள் சுகாதார அலுவலகத்துக்கு யார் தெரிவிப்பது. அந்தத் தாள் இல்லாத கிளினிக்கில் லோக்கம் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் உங்களுக்குப் போன் செய்வார். நீங்கள் கோவிலில் நின்றுகொண்டு மருந்துத் தட்டைச் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

போன் என்றதும் இங்கே வீட்டார் நிமிர்ந்து உட்காருகிறீர்கள். கிளினிக்குக்குத் தனி எண், தனிக் கைப்பேசி. இரவில் அது கவுண்டர் மேசைக்குள்ளேயே இருக்கட்டும். சொந்த எண்ணைக் கொடுத்துவிட்டவர்கள் அதையே கிளினிக் எண்ணாக்கிவிட்டு, வீட்டுக்குப் புதிது வாங்குங்கள். ஷட்டரில் தமிழ், மலாய், சீனம், தோட்டத்தில் இருப்பவர்களைப் பார்த்து வங்காளம், நேப்பாளி மொழிகளில் பெரிய எழுத்தில் எழுதுங்கள்: நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், வலிப்பு, கர்ப்பிணிக்கு உதிரப்போக்கு என்றால் 999, அல்லது நேரே சுங்கை பட்டாணி மருத்துவமனை. அந்த நேரத்தில் உங்களை எழுப்புவதால் நோயாளிக்கு நேரம்தான் வீணாகும். பலகை எழுதுவது அவர் உயிருக்காகவும்தான்.

கணவரோ மனைவியோ கவுண்டரில் உட்காரும் கிளினிக்குகள் நம்மிடம் நிறைய. அவருக்கும் சம்பளம் போடுங்கள், வேலை நேரம் எழுதுங்கள். எழுதாவிட்டால் இரவுச் சோற்றுத் தட்டுக்கு முன்னாலும் பேனல் பாக்கிப் பேச்சுதான் ஓடும். பெண் டாக்டர்களுக்கு ஒன்று. ஊழியருக்குச் சட்டம் 98 நாள் பிரசவ விடுப்பு தருகிறது, உங்களுக்குத் தரவில்லை. ஐந்தாம் மாதத்திலேயே இரண்டு லோக்கத்தைப் பேசி வையுங்கள். ஒருவரை மட்டும் நம்பினால் அவர் காய்ச்சலில் படுத்த அன்று நீங்கள் கைக்குழந்தையோடு கிளினிக்கில் நிற்க வேண்டியிருக்கும்.

உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வேலைச் சோர்வுக்கு மூன்று அடையாளம் சொன்னது: உடம்பும் மனமும் வற்றிப்போவது, வேலையின்மேல் வெறுப்பும் விலகலும் வருவது, செய்வது எதுவும் சரியாக நடக்கவில்லை என்று தோன்றுவது. இரண்டாவதுதான் நமக்கு ஆபத்து. எம்.சி (மருத்துவ விடுப்புச் சான்று) கேட்டு வந்தவர் என்று நினைத்து, தொட்டுப் பார்க்காமலே எழுதிக் கொடுத்த தாளுக்குப் பின்னால் எலிக்காய்ச்சல் இருந்திருக்கலாம். 2017இல் திருத்திய, டாக்டர்களுக்கான ஜெனீவா உறுதிமொழியில், சிறந்த சிகிச்சை தருவதற்காக என் உடல்நலத்தையும் கவனித்துக்கொள்வேன் என்ற வரி சேர்ந்தது. ஆகவே உங்கள் பிரஷரை உங்கள் அலமாரி மாத்திரையால் நீங்களே பார்த்துக்கொள்ளாதீர்கள். பக்கத்து ஊரில் ஒரு டாக்டரிடம் பெயர் பதிந்து, ஆண்டுக்கு ஒரு முறையாவது நோயாளியாக வரிசையில் உட்காருங்கள்.

ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு தாள் வைத்திருக்கிறோம். மேலே ஏழு கிழமை, பக்கவாட்டில் மணி. எட்டு வாரத்துக்கு எட்டுத் தாள் வேண்டும், மீதியை நகல் எடுத்துக்கொள்ளுங்கள். கவுண்டர் பிள்ளைகளே, வருகிற திங்கள் காலை 9 மணிக்கு முதல் நோயாளிக்கு முதல் கோட்டைப் போடுங்கள்.