மெய் மறக்குறதும் மெய் மரத்துப் போறதும்

எல்லாருக்கும் வணக்கம். கேமரா கொஞ்சம் ஆடும், கண்டுக்காதீங்க. கையில ஒரு சட்டை இருக்கு, அதோட பட்டன் ஓட்டைக்கு காஜா எடுத்துக்கிட்டே பேசலாம்னு உட்கார்ந்திருக்கேன். ஃப்ளோ, தன் மேல அன்பு, இந்த ரெண்டு விஷயத்தையும் கையக் கட்டிக்கிட்டு என்னால பேச முடியல. ரெண்டு தடவ ரெக்கார்ட் பண்ணி ரெண்டையும் அழிச்சுட்டேன். மூணாவது தடவ இது.

ஃப்ளோ, ஃப்ளோன்னு எல்லாரும் பேசுறாங்க. வேலையில மூழ்கிடணும், நேரம் போறதே தெரியக்கூடாது, பசி தெரியக்கூடாது, நம்மள மறந்துடணும். இதக் கேட்டப்ப எனக்கு சிரிப்புதான் வந்துச்சு. நேரம் போறது தெரியாம இருக்கிறதா? அதுல நான் சின்ன வயசுலேயே டிகிரி வாங்கினவ ஆச்சே!

சின்ன வயசுல எங்க வீடு பாதுகாப்பான இடமா இல்ல. அதுக்கு மேல விவரம் சொல்லப் போறதில்ல, கேக்காதீங்க. ஒண்ணு மட்டும் சொல்றேன். வாசல்ல சாவி திரும்புற சத்தத்த வெச்சே வர்றது யாரு, என்ன கோபத்துல வர்றாங்கன்னு சொல்லிடுவேன். அந்தக் காது இன்னும் அப்படியேதான் இருக்கு. வீடு மாறிடுச்சு, ஆளுங்க மாறிட்டாங்க, காது மட்டும் இன்னும் அந்த வாசல்லயே நிக்குது.

சரி, ஃப்ளோவுக்கு வர்றேன். வீடியோ எடிட்டிங்தான் என்னோட ஃப்ளோன்னு பல வருஷமா நம்பிக்கிட்டு இருந்தேன். காலைல உட்கார்ந்தா சாயந்திரம். ஒரு நாள் ஏழு மணி நேரம் கழிச்சு எழுந்திருக்கேன், கால் ரெண்டும் என்னுது மாதிரியே இல்ல. பாத்ரூம் போகணும்னு அடிவயிறு எப்பவோ கத்த ஆரம்பிச்சிருக்கு, எனக்குக் கேக்கல. அது கூடப் பரவாயில்ல. அன்னைக்கு என்ன எடிட் பண்ணேன்னு யோசிச்சா ஒண்ணுமே ஞாபகம் வரல. டைம்லைன்ல வெட்டு விழுந்திருக்கு, மியூசிக் போட்டிருக்கு, எல்லாம் நான்தான் செஞ்சிருக்கேன். ஆனா நான் அங்க இல்ல.

இத என் தெரபிஸ்ட்கிட்ட பெருமையாத்தான் சொன்னேன். அவங்க பாராட்டுவாங்கன்னு பாத்தா, "முடிச்சு எழுந்தப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"ன்னு கேட்டாங்க. பதில் இல்ல. எப்படியும் இல்ல. வெறும் சாம்பல் நிறம்.

இருங்க, ஒரு பேப்பர்ல எழுதிக் காட்டுறேன். தெரியுதா? மேல 'மறத்தல்', கீழ 'மரத்தல்'. முதல்ல இருக்கிறது பெரிய ற, மறந்து போறது. ரெண்டாவது சின்ன ர, கால் மரத்துப் போகுதுல்ல, அந்த மரத்தல். நாம பேசுறப்ப ரெண்டும் காதுக்கு ஒண்ணாத்தான் விழும், எழுதினாத்தான் பிடிபடும். மெய் மறக்குறதுதான் ஃப்ளோ. நான் பண்ணிக்கிட்டு இருந்தது மெய் மரத்துப் போறது. டாக்டருங்க பாஷையில அதுக்கு டிசோசியேஷன்னு பேரு. தாங்க முடியாத ஒண்ணு நடக்குறப்ப, ஓடவும் முடியாம சண்டை போடவும் முடியாம போனா, மனசு உடம்ப அங்கயே விட்டுட்டு நழுவிடும். உயிர் பொழைக்கிறதுக்கான ஏற்பாடு அது, அத நான் குறை சொல்ல மாட்டேன். சின்னப் பிள்ளையா இருந்தப்ப என்னக் காப்பாத்தினதே அதுதான். ஆனா வெளிய இருந்து பாக்குறவங்களுக்கு ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும். "அடடா, என்ன ஒரு ஈடுபாடு"ம்பாங்க.

இந்த ஃப்ளோங்கிற பேர வெச்சு ஆராய்ச்சி பண்ணவரு மிஹாய் சிக்சென்ட்மிஹாயி. ஒரே மூச்சுல சொல்லிட்டேன், கை தட்டுங்க! 1934-ல ஒரு ஹங்கேரியக் குடும்பத்துல பொறந்தவரு. அவரு கதையப் படிச்சப்பதான் எனக்கு இந்த விஷயத்து மேலயே மரியாதை வந்துச்சு. ஏன்னா இது சும்மா சொகுசா உட்கார்ந்து யோசிச்ச மனுஷன் கண்டுபிடிச்சது இல்ல. ரெண்டாம் உலகப் போர் சமயத்துல, சின்னப் பையனா இருக்கிறப்பவே இத்தாலியில ஒரு சிறை முகாம்ல இருந்திருக்காரு. அங்கதான் செஸ் கத்துக்கிட்டாராம். காய் நகத்துற நேரத்துக்கு சுத்தி இருக்கிற எதுவும் அவரத் தொடலையாம். போர் முடிஞ்சப்புறம் பாத்தா, வேலை போயி, வீடு போயி, பெரியவங்க நெறைய பேரு உள்ளுக்குள்ள நொறுங்கிக் கிடந்திருக்காங்க. சில பேரு மட்டும் நொறுங்கல. அது ஏன்னு கேக்கத்தான் அவரு சைக்காலஜி பக்கம் வந்தது.

அப்புறம் 1956-ல அமெரிக்கா போயி, ஓவியர்கள, மலை ஏறுறவங்கள, செஸ் ஆடுறவங்கள, சர்ஜன்கள எல்லாம் கேட்டிருக்காரு. ஜனங்ககிட்ட பேஜர் குடுத்து, ஒரு நாளைக்குப் பல தடவ அது பீப் அடிக்கிறப்ப என்ன செஞ்சுக்கிட்டு இருந்தீங்க, மனசு எப்படி இருந்துச்சுன்னு எழுத வெச்சிருக்காரு. அதுல இருந்து சொன்னதுதான் நமக்கெல்லாம் தெரிஞ்ச கணக்கு. என்ன செய்யணும்னு தெளிவா தெரியணும். சரியா தப்பான்னு உடனுக்குடன் தெரியணும். வேலையோட சவாலும் நம்ம திறமையும் ஈடு குடுக்கணும். ஆனா அவரு இன்னொண்ணும் சொல்லியிருக்காரு, அதத்தான் யாரும் பெருசா எடுத்துப் பேச மாட்டேங்கிறாங்க. ஃப்ளோவுல இருக்கிறப்ப 'நான்'ங்கிற நெனப்பு அடங்கிடும், ஆனா வெளிய வந்ததுக்கப்புறம் அந்த 'நான்' முன்ன விட திடமா இருக்கும். இத வெச்சு என் எடிட்டிங்க அளந்து பாத்தேன். ஏழு மணி நேரம் கழிச்சு என்கிட்ட 'நான்' கம்மியாத்தான் இருந்துச்சு.

அய்யோ!

பாத்தீங்களா? பக்கத்துல எங்கயோ கதவு டப்புனு சாத்துச்சு, அவ்வளவுதான். என் தோள் ரெண்டும் காது வரைக்கும் ஏறிடுச்சு. ஊசி வேற விரல்ல குத்திடுச்சு. இத நான் எடிட்டிங்ல வெட்டப் போறதில்ல, அப்படியே இருக்கட்டும். நான் சொல்ல வர்றது இததான்.

மூழ்கணும்னா, மனசுக்குள்ள காவலுக்கு நிக்கிற ஆளு கொஞ்ச நேரம் உட்காரணும். அடி வாங்காத மனசுல அந்தக் காவலாளி லேசா தூங்குவான், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நம்ம ஆளு அப்படி இல்ல. அவன் ஒரு தடவ கண்ண மூடினப்பதான் அது நடந்துச்சு. இல்ல, அப்படின்னு அவன் நம்புறான். அதனால லயிக்க ஆரம்பிச்ச உடனே மண்டைக்குள்ள மணி அடிப்பான். ரிலாக்ஸ் பண்ணச் சொல்லிக் குடுக்கிறப்ப சிலருக்குப் பதற்றம் கூடத்தான் செய்யுதுன்னு 1983-லயே ஆராய்ச்சி பண்ணி எழுதியிருக்காங்க. இது தெரியாம, கண்ண மூடித் தியானம் பண்ணச் சொன்ன இடத்துல எல்லாம் எனக்குத்தான் ஏதோ கோளாறுன்னு நெனைச்சுக்கிட்டு எழுந்து வந்திருக்கேன்.

அப்ப என்னதான் பண்ணேன்னு கேட்டா, முதல்ல பண்ணது மனசுக்குள்ள எதுவுமே இல்ல. நாற்காலியத் திருப்பிப் போட்டேன்.

அவ்வளவுதாங்க! அதுவரைக்கும் கதவுக்கு முதுகக் காட்டித்தான் உட்கார்ந்து வேல பார்த்தேன், மேஜை அப்படிக் கிடந்துச்சு. இப்ப முதுகுக்குப் பின்னாடி சுவர், கண்ணு முன்னாடி கதவு. ஹெட்ஃபோன் ஒரு காதுல மட்டும். அரை மணிக்கு ஒரு அலாரம். அலாரம் அடிச்சா கால் விரல் பத்தையும் ஆட்டிப் பாப்பேன், தாகம் இருக்கா, பாத்ரூம் போகணுமான்னு கேட்டுக்குவேன். ஃப்ளோ குருமாருங்க கேட்டா அடிக்க வருவாங்க, "நடுவுல கலைக்கலாமா?"ன்னு. கலையட்டுமே. கலைச்சா திரும்பி வர முடியுதுன்னு என் உடம்புக்குத் தெரியணும்ல, அதத்தான் கத்துக் குடுத்துக்கிட்டு இருக்கேன்.

அதுக்கப்புறம் வந்ததுதான் இந்த காஜா. கிட்ட காட்டுறேன். ஓட்டையோட விளிம்புக்குக் கீழ இருந்து ஊசியக் குத்தி, முழுசா இழுக்கிறதுக்கு முன்னாடி நூல ஊசி முனையில ஒரு சுத்து சுத்தணும். அப்புறம் இழுத்தா விளிம்புல ஒரு குட்டி முடிச்சு வந்து உட்காரும். பாருங்க, கடுகு மாதிரி. லூசா விட்டா முடிச்சு தொங்கும், இறுக்கினா துணி சுருங்கும். ஒவ்வொண்ணும் அந்த இடத்துலயே சொல்லிடும் சரியா தப்பான்னு. நூல்ல மெழுகு தடவியிருக்கேன், அதனால துணிக்குள்ள போறப்ப 'ஸ்ஸ்'ஸுனு ஒரு சத்தம் வருது, மைக்ல விழுதான்னு தெரியல. ஒரு ஓட்டைக்கு 30, 40 முடிச்சு. எழுந்தப்புறம் கேட்டீங்கன்னா, எந்த முடிச்சு கோணலாச்சுன்னு சொல்லுவேன். நேரம் போனது தெரியாது, ஆனா நான் அங்கதான் இருந்தேன். விரல் நுனி வலிக்குறது தெரிஞ்சுது.

சவால் திறமைய விட ஒரு படி மேல இருக்கணும்னு சொல்வாங்கல்ல, அது எனக்கு ஆகல. தப்பு பண்ணா அடி விழுற வீட்டுல வளந்தவங்களுக்கு 'கொஞ்சம் கஷ்டம்'ங்கிறதே கிடையாது. நேரா ஆபத்துதான். நான் ஒரு படி கீழ இருந்துதான் ஆரம்பிச்சேன். கிழிஞ்ச துணியில நேர் தையல், ஒரு மாசம் அதே. போர் அடிச்சுது. போர் அடிக்குதுன்னு தோணினதே எனக்குப் புதுசு. பயம் இருக்கிற இடத்துல போர் அடிக்காது.

இப்ப அந்த இன்னொரு விஷயம். தன் மேல அன்பு. செல்ஃப் லவ்ங்கிற வார்த்தையக் கேட்டாலே எனக்குப் பல்லு கூசும், உண்மையச் சொல்றேன். கண்ணாடி முன்னாடி நின்னு "நான் உன்ன நேசிக்கிறேன்"னு சொல்லிப் பாத்தேன். கண்ணாடியில இருக்கிறவ நம்பல.

தையல் சொல்லிக் குடுத்த அக்கா ஒருத்தங்கதான் எனக்கு இதத் தொறந்து விட்டது, அவங்களுக்கே தெரியாது. முதல் காஜா கண்றாவியா வந்துச்சு. நான் சட்டைய மடியில ஒளிச்சுக்கிட்டு மூச்சப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன், திட்டு விழும்னு. அவங்க குனிஞ்சு பாத்துட்டு, "அட, பிரிச்சுக்கலாம் கண்ணு. நூலு கோவிச்சுக்காது"ன்னாங்க. சொல்லிட்டு அடுத்த ஆளுகிட்டப் போயிட்டாங்க.

எனக்கு நிம்மதியா இருந்திருக்கணும்தானே? வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் அழுதேன். அப்புறம் கோபம், அந்த அக்கா மேலயே கோபம். இந்தக் கிறுக்குக்கும் ஒரு பேரு இருக்கு. தன் மேல இரக்கம்ங்கிறத ஆராய்ச்சியா மாத்தினவங்க கிறிஸ்டின் நெஃப். 2003-ல அத அளக்க ஒரு கேள்வித்தாளே தயார் பண்ணாங்க. அவங்களோட சேர்ந்து வேல செய்யுற கிறிஸ்டோஃபர் ஜெர்மர்ங்கிற தெரபிஸ்ட் இப்படி அழுகையும் கோபமும் வர்றத 'பேக்டிராஃப்ட்'னு சொல்றாரு. தீயணைப்பு வீரருங்க வார்த்தை அது. மூடின ரூமுக்குள்ள தீ காத்து இல்லாம கம்முனு கனன்றுக்கிட்டு இருக்கும். கதவத் தொறந்தா காத்து உள்ள பாயும், குபீர்னு பத்திக்கும். அன்பும் அப்படித்தானாம், உள்ள நுழையுறப்ப பழைய வலி எல்லாம் வெளிய பாயும். அதுக்காக அன்பு தப்புன்னு ஆயிடாது. கதவ மெதுவாத் தொறக்கணும், கொஞ்சம் தொறந்துட்டு மூடிக்கவும் செய்யலாம்.

நெஃப் சொல்றதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது, தன் மேல இரக்கம் ஒரு உணர்ச்சி மட்டும் இல்லங்கிறது. நம்மள நாம நடத்துற விதம். அதனால நேசிக்கிற மாதிரி ஃபீல் வரலைன்னாலும் பரவாயில்ல. நான் கண்ணாடிய விட்டுட்டேன். முடிச்சு கோணலானா மண்டைக்குள்ள அந்தப் பழைய குரல் கிளம்பும், "இது கூட வரல உனக்கு"ன்னு. அத வாய மூடச் சொல்றதில்ல. சொல்லிட்டுப் போகட்டும். கூடவே சத்தமா, அந்த அக்கா குரல்லயே சொல்லிக்குவேன், "பிரிச்சுக்கலாம் கண்ணு." கேக்க அசட்டுத்தனமா இருக்கும், தெரியும். ஆனா அந்தக் காவலாளி கேக்குறான். தப்பு பண்ணாலும் யாரும் வரப் போறதில்லன்னு நூறு தடவ பாத்தப்புறம்தான் அவன் உட்காருறான். ரெண்டு விஷயம்னு ஆரம்பிச்சேன், ஃப்ளோவும் அன்பும்னு. ரெண்டும் இங்கதான் ஒட்டுது.

ஒண்ணு சொல்லிடணும். காஜா எடுக்கிறது வைத்தியம் இல்ல. கெட்ட கனவு, பழசு கண்ணு முன்னாடி ஓடுறது, வாழவே வேணாம்னு தோணுறது, இதெல்லாம் இருந்தா இதுக்குன்னு படிச்ச டாக்டர்கிட்டயோ தெரபிஸ்ட்கிட்டயோ போங்க. ட்ராமாவுக்குன்னே, அதாவது மனசுல பட்ட காயத்துக்குன்னே இருக்கிற சி.பி.டி. (நெனப்பையும் நடந்துக்கிற விதத்தையும் மாத்துற பேச்சு வைத்தியம்), இ.எம்.டி.ஆர். (கண்ண அங்கயும் இங்கயும் அசைச்சுக்கிட்டே பழைய நெனப்ப எடுத்துப் பாக்குற வைத்தியம்) ரெண்டையும் உலக சுகாதார நிறுவனமே 2013-ல பரிந்துரைச்சிருக்கு. நானும் தெரபி போயிக்கிட்டுத்தான் இருக்கேன், இன்னும் முடியல. தையல் அதுக்கு நடுவுல வர்ற நாட்களுக்கு.

அப்புறம் போன வாரம் ஒண்ணு நடந்துச்சு, அதச் சொல்லிட்டு முடிச்சுக்கறேன். சாயந்திர வெளிச்சம் வேணும்னு நாற்காலிய ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு நாலாவது ஓட்டையப் போட்டுக்கிட்டு இருந்தேன். முடிச்சு நூல வெட்டிட்டு நிமிந்து பாத்தா, எதிர்ல ஜன்னல். அப்ப கதவு? முதுகுக்குப் பின்னாடி. அதுவும் பாதி தொறந்து கிடக்கு. எவ்வளவு நேரமா அப்படி உட்கார்ந்திருந்தேன்னு தெரியல, ஒரு ஓட்டை முடியுற நேரம், இருபது நிமிஷம் இருக்கும். நெஞ்சு படபடன்னு அடிச்சுது. நாற்காலியத் திருப்பிப் போட்டுக்கிட்டு, தண்ணி குடிச்சுட்டு, அஞ்சாவது ஓட்டைய ஆரம்பிச்சேன். இப்ப கையில இருக்கிறது ஆறாவது.