45 ஆட்டம், 4 கோல்: வில்லி ஓ'ரீ பற்றிய கேள்விக்குப் பதில்

போன காணொளியில், வட அமெரிக்காவின் முதன்மை ஐஸ் ஹாக்கி லீக்கான என்ஹெச்எல்லில் ஆடிய கனடா வீரர் வில்லி ஓ'ரீயைப் பற்றி ஓரிரு நிமிடம் பேசியிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு ஒருவர் கேட்டிருக்கிறார், அப்படியே படிக்கிறேன்: "என்ஹெச்எல்லில் அவர் ஆடியது மொத்தமே 45 ஆட்டம், அடித்தது 4 கோல். முதல் கறுப்பின வீரர் என்பதற்காக மட்டும்தானே இந்தக் கொண்டாட்டம்? இன்னொன்று, வலது கண் பார்வை இல்லாமல் ஆடினார் என்றீர்கள். அது எப்படி முடியும்? அணிக்காரர்களுக்குத் தெரியாமலா இருக்கும்?"

நல்லவேளை இரண்டையும் சேர்த்தே கேட்டீர்கள். என்னைக் கேட்டால், அந்த 4 கோலுக்கு அந்தக் கண்ணைத்தான் காரணமாகச் சொல்வேன். முதலில் கண்ணுக்கே வருகிறேன்.

1955-56 சீசன், அவருக்கு 20 வயது. ஒன்டாரியோவில் ஜூனியர் அணிக்கு ஆடிக்கொண்டிருக்கிறார். கோல் முன்னால் கூட்டமாக நிற்கும்போது ஒருவர் அடித்த பக் நேராக முகத்தில் வந்து விழுந்தது. பக் என்றால் பந்து மாதிரி இருக்காது, கெட்டி ரப்பரில் செய்த வட்டத் துண்டு, 170 கிராம் எடை, ஆட்டத்துக்கு முன்னால் அதைக் குளிரில் உறையவைத்து இன்னும் கெட்டியாக்கித்தான் கொண்டுவருவார்கள். அந்தக் காலத்தில் ஹெல்மெட்டும் கிடையாது, முகத்துக்குத் தடுப்பும் கிடையாது. மூக்கு உடைந்தது, கன்னத்து எலும்பு உடைந்தது, வலது கண்ணின் விழித்திரை சிதைந்துபோய் பார்வையில் 95 சதவீதம் போய்விட்டது. இனி ஹாக்கி ஆட முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். சுமார் இரண்டு மாதத்தில் மறுபடி பனித்தளத்தில் நின்றார் அந்தப் பையன்.

அணிக்காரர்களுக்குத் தெரியாதா என்றால், தெரியாது. பெற்றோருக்குக்கூட அவர் தெரியவிடவில்லை, தெரிந்தால் ஆட விடமாட்டார்கள் என்ற பயம். ஒரு கண் பார்வையற்றவர் ஆடக்கூடாது என்று என்ஹெச்எல்லில் விதியே இருந்தது. இன்று இருக்கும் அளவுக்கு மருத்துவச் சோதனை அப்போது இல்லை. அவரும் வாய் திறக்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை. தொழில்முறை ஆட்டக்காரராக அவர் ஆடிய 20 வருடத்துக்கும் மேலான காலம் முழுக்க அந்த ரகசியத்தைக் காப்பாற்றினார்.

இப்போது கொஞ்சம் ஆட்டத்துக்குள் போக வேண்டும், இது புரிந்தால்தான் மற்றது புரியும். ஓ'ரீ இடது விங்கர். அதாவது தளத்தின் இடது ஓரமாக, பலகைச் சுவரை ஒட்டி ஓடுகிறவர். அவருக்கு இடது பக்கம் சுவர், வலது பக்கம்தான் மொத்த ஆட்டமும். பாஸ் வலமிருந்து வரும், எதிரணித் தடுப்பாட்டக்காரன் வலமிருந்து வருவான், அவருக்குப் போயிருப்பதோ வலது கண். அதனால் ஒவ்வொரு தடவையும் கழுத்தை முழுக்கத் திருப்பி, வலது தோளுக்கு மேலாக இடது கண்ணால் பார்க்க வேண்டும். முழு வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது இதைச் செய்ய வேண்டும், திருப்பிய அந்த ஒரு நொடியில்தான் யாராவது வந்து மோதுவார்கள். அப்புறம் ஒற்றைக் கண்ணால் தூரம் கணிப்பது எவ்வளவு கஷ்டம் என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். என்ஹெச்எல்லில் அவர் ஆடிய பாஸ்டன் அணியில் அவருக்குக் கோலை நூலிழையில் தவறவிடுகிறவர் என்ற பெயரே விழுந்தது. வேகத்தில் அவரைப் பிடிக்க ஆள் இல்லை, எல்லாரையும் தாண்டிப் போவார், கடைசி அடி மட்டும் கம்பத்துக்கு வெளியே போகும். பார்த்தவர்கள் அதைத் திறமைக் குறைவு என்றுதான் எடுத்துக்கொண்டிருப்பார்கள், வேறு எப்படி நினைக்க முடியும்?

சரி, அந்த 45 ஆட்டத்துக்கு வருகிறேன். அவர் பிறந்தது 1935-ல், நியூ பிரன்ஸ்விக் மாகாணத்து ஃபிரெடெரிக்டன் ஊரில். 13 பிள்ளைகள் பிறந்த வீட்டில் கடைக்குட்டி. ஊரில் கறுப்பினக் குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். குளிர்காலத்தில் அப்பா கொல்லைப்புறத்தில் தண்ணீர் பாய்ச்சி உறையவிட்டுத் தளம் செய்துகொடுப்பார், மூன்று வயதில் ஸ்கேட் கட்டிக்கொண்டு இறங்கியவர். பேஸ்பாலும் நன்றாக ஆடுவார். 1949-ல் அவருடைய பேஸ்பால் அணி கோப்பை வென்றதற்குப் பரிசாகப் பையன்களை நியூயார்க்கின் புரூக்லினுக்குக் கூட்டிப்போனார்கள், அங்கே ஜாக்கி ராபின்சனைப் பார்த்துக் கை குலுக்கினார். அமெரிக்காவின் பெரிய பேஸ்பால் லீக்கில் கறுப்பினத்தவரைச் சேர்க்காமல் இருந்த நிறத்தடையை உடைத்த அதே ராபின்சன். நான் ஹாக்கியும் ஆடுவேன் என்று பையன் சொன்னதும், கறுப்பினப் பிள்ளைகள் ஹாக்கி ஆடுவார்களா என்று அவருக்கே ஆச்சரியம். 1962-ல் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு விருந்தில் இருவரும் மறுபடி சந்தித்தபோது ராபின்சனே அடையாளம் கண்டு கேட்டாராம், புரூக்லினில் பார்த்த பையன்தானே நீ என்று.

இந்த பேஸ்பால் விஷயத்தில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1956-ல் மில்வாக்கி பிரேவ்ஸ் அணியின் தேர்வு முகாமுக்காக ஜார்ஜியா மாநிலத்துக்குப் போனார். வெள்ளையருக்கு ஒரு கழிப்பறை, கறுப்பருக்கு ஒன்று என்று பலகை மாட்டியிருந்த காலம். தேர்வாகவில்லை, பஸ்ஸில் திரும்பினார். தெற்கில் கடைசி இருக்கையில் உட்காரவேண்டியிருந்தது, பஸ் வடக்கே போகப்போகக் கொஞ்சம் கொஞ்சமாக முன் இருக்கைக்கு நகர்ந்தார். ஃபிரெடெரிக்டனில் இறங்கும்போது பேஸ்பால் வேண்டாம், ஹாக்கிதான் என்று முடிவு செய்துவிட்டார். எனக்கு அந்த பஸ் பயணத்தை நினைத்தாலே மனசு கனத்துப்போகிறது, இருபது வயதுப் பையன், ஒரு கண் போய் முழுதாக ஒரு வருடம்கூட ஆகவில்லை.

அதே வருடம் கியூபெக் ஏசஸ் என்ற அணியில் சேர்ந்தார். அதே ஏசஸில் அவருக்கு முன்னால் ஆடியவர் ஹெர்ப் கார்னகி, அவரும் கறுப்பினத்தவர், அபாரமான ஆட்டக்காரர், கடைசிவரை என்ஹெச்எல் ஆடவே இல்லை. அப்படிப்பட்ட நிலையில், 1958 ஜனவரி 18 அன்று பாஸ்டன் புரூயின்ஸ் அணி ஆள் பற்றாக்குறைக்காக ஓ'ரீயைக் கூப்பிட்டது. மான்ட்ரியலில் ஆட்டம், பாஸ்டன் 3-0 என்று ஜெயித்தது. தான்தான் முதல் கறுப்பின வீரர் என்பது அன்றிரவு அவர் மனதில் இல்லவே இல்லை, மறுநாள் பத்திரிகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்று பிற்பாடு சொல்லியிருக்கிறார். அந்த சீசனில் 2 ஆட்டம், அப்புறம் 1960-61-ல் 43 ஆட்டம். இதுதான் நீங்கள் சொன்ன 45. 1961 புத்தாண்டு அன்று பாஸ்டனில் அதே மான்ட்ரியலுக்கு எதிராக முதல் கோல், அதுவே வெற்றி கோலாகவும் ஆனது, அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.

எல்லா ஊரிலும் கைதட்டல் கிடைக்கவில்லை. அமெரிக்க ஊர்களில் கிடைத்த வசவுகளை நான் இங்கே திருப்பிச் சொல்ல விரும்பவில்லை. சிகாகோவில் எதிரணி வீரர் ஒருவர் அசிங்கமாகத் திட்டிவிட்டு ஸ்டிக்கின் பின்முனையால் வாயில் இடித்தார், முன்பல் இரண்டு போனது, மூக்கும் உடைந்தது. ஓ'ரீயும் பதிலுக்கு ஸ்டிக்கால் அவர் தலையில் அடித்தார், அவருக்குத் தையல் போட வேண்டியதாயிற்று. இதைச் சரி என்று நான் சொல்ல வரவில்லை. வாயால் திட்டுவதற்கெல்லாம் சண்டை போடமாட்டேன், கை வைத்தால் விடமாட்டேன் என்பதுதான் அவருடைய கணக்கு.

அடுத்த வருடமும் நீ இருப்பாய் என்று பாஸ்டனில் சொல்லி அனுப்பினார்கள். சில வாரத்தில் மான்ட்ரியலுக்கு மாற்றிவிட்டார்கள், அங்கிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் பிளேட்ஸ் என்ற மைனர் லீக் அணிக்கு, அதாவது என்ஹெச்எல்லுக்குக் கீழ்நிலை லீக்கில் ஆடும் அணிக்கு. அப்போது என்ஹெச்எல்லில் இருந்ததே 6 அணிகள்தான் என்பதை மறந்துவிடாதீர்கள். 1967-ல்தான் அது 12 ஆனது. உலகத்திலேயே மொத்தம் நூற்றுச் சொச்சம் பேருக்குத்தான் அந்த வேலை.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான். லாஸ் ஏஞ்சலிஸில் பயிற்சியாளர் அவரை இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்கு மாற்றினார். யோசித்துப் பாருங்கள், இப்போது பார்வை இல்லாத கண் சுவர்ப் பக்கம், மொத்த ஆட்டமும் நல்ல கண் பக்கம். கழுத்தைத் திருப்ப வேண்டிய அவசியமே இல்லை. 1964-65 சீசனில் 38 கோல். 33 வயதில், 1968-69-ல் சான் டியாகோ அணிக்காக மறுபடி 38 கோல். 30 கோலும் அதற்கு மேலும் அடித்த சீசன் மட்டும் நான்கு. 43 வயதுவரை தொழில்முறையாக ஆடினார். என்ஹெச்எல் பார்த்த ஓ'ரீ இடது ஓரத்தில் நின்ற ஓ'ரீ. அந்த 43 ஆட்டத்தில் யாராவது அவரை வலது பக்கம் நிறுத்தியிருந்தால் என்று எனக்கு எப்போதும் தோன்றும். ஆனால் காரணத்தைச் சொல்லி வலது பக்கம் கேட்டிருந்தால் விதியைக் காட்டி வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள், அதனால் அவரால் கேட்கவும் முடியாது. 4 கோல் என்ற எண்ணை மட்டும் வைத்து அவரை அளக்கும்போது எனக்கு வருத்தமாக இருப்பது இதனால்தான்.

முதல் கறுப்பின வீரர் என்பதற்காக மட்டும்தானா என்ற கேள்விக்கும் ஒரு பதில் சொல்லிவிடுகிறேன். அவருக்கு அடுத்த கறுப்பின வீரர் மைக் மார்சன் என்ஹெச்எல்லுக்கு வந்தது 1974-ல். நடுவில் 13 வருட இடைவெளி. கதவு ஒருமுறை திறந்ததும் எல்லாரும் உள்ளே வந்துவிடவில்லை. ஆட்டத்தை விட்ட பிறகு ஓ'ரீ சான் டியாகோ பக்கத்தில் ஹோட்டல் பாதுகாப்பு வேலையெல்லாம் பார்த்தார், பென்ஷன் வாங்கிச் சொகுசாக உட்கார்ந்த வாழ்க்கை கிடையாது. 1996-ல், 60 வயதில், என்ஹெச்எல் அவரைக் கூப்பிட்டது. ஸ்கேட் வாங்க வசதியில்லாத பிள்ளைகளுக்கும் ஹாக்கி கற்றுக்கொடுக்கும் திட்டங்களுக்காக ஊர் ஊராகப் போனார், வருடக்கணக்காகப் போனார்.

2018-ல் ஹாக்கி ஹால் ஆஃப் ஃபேம் என்ற கௌரவப் பட்டியலில் அவரைச் சேர்த்தது ஆட்டக்காரர் பிரிவில் இல்லை, விளையாட்டை வளர்த்தவர்களுக்கான பிரிவில். அதனால் 45 ஆட்டம் போதுமா என்ற கேள்வி அங்கே எழவே இல்லை. 2022 ஜனவரி 18 அன்று, முதல் ஆட்டத்தின் அதே தேதியில், பாஸ்டன் அணி அவருடைய 22-ம் எண் சட்டையை அரங்கத்தின் கூரையில் ஏற்றியது, இனி அந்த எண்ணை அங்கே யாரும் போட்டுக்கொள்ள முடியாது. கொரோனா காலம், அவருக்கு 86 வயது, நேரில் வர முடியவில்லை. சான் டியாகோவிலிருந்து திரை வழியாகத்தான் அதைப் பார்த்தார்.

சரி, அடுத்து ஸ்கேட்டுக்குச் சாணை பிடிப்பது பற்றி ஒரு கேள்வி வந்திருக்கிறது, அதற்குப் போவோம்.