வளர்கிற வயதில் உடல் எடை

நேயர்களுக்கு வணக்கம். பதினாலு வயதுப் பையன், உயரம் 160 சென்டிமீட்டர், எடை 72 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அவனுடைய பி.எம்.ஐ., அதாவது எடையை (கிலோ) உயரத்தால் (மீட்டர்) இரண்டு முறை வகுத்தால் வரும் எண், 28. "எத்தனை கிலோ குறைக்கணும்?" என்பதுதான் வீட்டில் எழும் முதல் கேள்வி. முதல் இலக்கு குறைப்பதே அல்ல, ஏறாமல் நிறுத்துவது. எடை 72-லேயே நின்று, உயரம் 168 ஆகிவிட்டால் பி.எம்.ஐ. தானாக 25½-க்கு இறங்கிவிடும். பெண் பிள்ளைகளுக்கு இந்தச் சலுகை குறைவு. வயதுக்கு வந்த பிறகு பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர்தான் வளர்வார்கள். அதனால் மருத்துவர் சொல்லும் அளவில், மெதுவாகக் குறைக்க வேண்டியிருக்கும்.

பெரியவர்களுக்கான பி.எம்.ஐ. அட்டவணையைப் பிள்ளைகளுக்குப் போட்டுப் பார்க்காதீர்கள். இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015-இல் வெளியிட்ட வளர்ச்சி வரைபடத்தில் வயதுக்கும் பாலினத்துக்கும் தனித்தனிக் கோடுகள் இருக்கின்றன. வீட்டில் பார்க்க ஒரு தையல் டேப் போதும்: இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும்.

எடை எங்கே ஏறுகிறது என்று தேடினால், பல வீடுகளில் விடை மாலை நாலரை மணியில் கிடைக்கும். காலையில் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சாப்பிடாமல் ஓடிய பிள்ளை, மதிய டப்பாவில் பாதியை மிச்சம் வைத்த பிள்ளை, அகோரப் பசியோடு வருகிறது. ஆறு மணிக்கு டியூஷன். கைக்கு எட்டுவது மிக்சர் பாக்கெட். நூறு கிராம் மிக்சரில் ஐந்நூறு கலோரிக்கு மேல் இருக்கிறது, ஆனால் வயிறு நிறையாது. "நொறுக்குத் தீனி கூடாது" என்று கத்துவதைவிட, நாலரைக்கு ஒரு கிண்ணம் சுண்டலோ அவித்த முட்டையோ மேசை மேல் இருப்பது மேல். காலையில் இரண்டு இட்லியாவது உள்ளே போயிருந்தால் இந்த வெறி பாதி அடங்கிவிடும்.

அடுத்தது தோசைக்கல். ஒரு டீஸ்பூன் எண்ணெய் 45 கலோரி. தோசைக்கு இரண்டு டீஸ்பூன் சுற்றி ஊற்றினால், மூன்று தோசைக்கு எண்ணெய் மட்டுமே 270. வெங்காயத்தைப் பாதியாக வெட்டி, எண்ணெயில் தொட்டுக் கல்லில் தேய்த்தால் அரை டீஸ்பூனில் முடிந்துவிடும். சமையல் எண்ணெய் ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்று கணக்கு வையுங்கள். இதைக் குடும்பத்துக்கே செய்யுங்கள். அண்ணனுக்கு நெய் ரோஸ்ட், தம்பிக்கு ஓட்ஸ் கஞ்சி என்று பிரித்தால், தம்பி கடையில் போய்ச் சாப்பிடுவான். 250 மில்லி குளிர்பானத்தில் ஏறக்குறைய ஐந்தாறு டீஸ்பூன் சர்க்கரை. அதை வீட்டுக்கு வாங்கி வராமல் இருந்தாலே போதும்.

தினமும் ஒரு மணி நேரம் மூச்சு வாங்கும் அளவுக்கு உடல் அசைய வேண்டும். இருபது இருபது நிமிடமாகப் பிரித்தாலும் சரி. தூக்கம் எட்டு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. எடை பார்ப்பது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதே தராசில், காலையில். அந்த எண்ணை அத்தை, சித்தி முன்னால் வாசிக்காதீர்கள். கேலி கேட்ட பிள்ளை ஒளித்துத்தான் சாப்பிடும்.

"தைராய்டா இருக்குமோ?" என்பார்கள். ஹார்மோன் கோளாறு என்றால் பெரும்பாலும் உயரமும் வளராமல் நிற்கும். நன்றாக உயர்ந்துகொண்டே எடையும் ஏறுகிற பிள்ளைக்குப் பெரும்பாலும் அது காரணமில்லை. கழுத்தின் பின்புறம் கறுத்துத் தடித்திருந்தால் அது அழுக்கல்ல, பீர்க்கன் நார் போட்டுத் தேய்த்தாலும் போகாது. இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு அடையாளம். சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல், ரத்த அழுத்தம் நாலையும் பார்க்க வேண்டும். குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வந்தாலும், மாதவிலக்கு மாதக்கணக்கில் தள்ளிப்போனாலும் மருத்துவரிடம் போங்கள்.

எடை கூடிய பிள்ளை முழங்கால் வலிக்கிறது என்று சொல்லி நொண்டினால், தைலம் தேய்த்துக் காத்திருக்க வேண்டாம். இடுப்பு மூட்டில் தொடை எலும்பின் தலை நழுவியிருந்தாலும் வலி முழங்காலில் தெரியலாம். நடக்க விடாமல் அன்றே கூட்டிப் போங்கள். முழங்காலை மட்டும் எக்ஸ்ரே எடுத்தால், இடுப்பையும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். வணக்கம்.