கட்டிப்போட்ட நாய் வீட்டைக் காக்காது

வணக்கம். மாடு கறந்து முடித்துவிட்டு இப்போதுதான் திண்ணையில் வந்து உட்கார்ந்தேன். பொழுது சாய்கிறது, வெளிச்சம் குறைவாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இது தேனி மாவட்டம், உத்தமபாளையம் பக்கத்தில் எங்கள் தோட்டத்து வீடு. என் காலடியில் படுத்திருப்பவன்தான் செவலை. கோம்பை நாய். கோம்பை என்பது இங்கே மலையடிவாரத்தில் இருக்கும் ஊர். ஊரின் பெயர்தான் இனத்துக்கும். இதோ, முகத்தைக் கிட்டத்தில் காட்டுகிறேன். உடம்பெல்லாம் செம்மண் நிறம், மூஞ்சி மட்டும் அடுப்புக்கரி பூசியதுபோல் கறுப்பு. காது இரண்டும் பின்னால் மடிந்திருக்கின்றன, பார்த்தீர்களா? இவன் இப்படி வைத்திருந்தால் நிம்மதியாக இருக்கிறான் என்று அர்த்தம். மலையில் காட்டுப்பன்றி வேட்டைக்குப் பழக்கிய இனம் இது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து வேட்டைக்குத் தடை விழுந்தது. இப்போது வீட்டுக்கும் தோட்டத்துக்கும் காவல்தான் இவர்களுக்கு வேலை.

காவலுக்கு நாய் வளர்ப்பதைப் பற்றிப் பேசச் சொல்லிப் பலரும் கேட்டுவிட்டீர்கள். பேசுவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். செவலைக்கு முன்பு எங்களிடம் இன்னொரு நாய் இருந்தது. அவனைப் பகல் முழுவதும் கேட் பக்கத்தில் இரண்டு முழச் சங்கிலியில் கட்டிவைத்திருந்தோம். காவல் நாய் என்றால் அப்படித்தான் என்று நினைத்திருந்தோம். சோற்றை அங்கேயே கொண்டுபோய் வைப்போம். தடவிக் கொடுப்பதும் கிடையாது, வெளியே நடக்க அழைத்துப் போவதும் கிடையாது. தெருவில் போகிற பிள்ளைகள் அவனைப் பார்த்து 'சூ, சூ' என்று உசுப்பிவிட்டு ஓடுவார்கள். நாங்களும் கண்டிக்கவில்லை. ஒருநாள் கொக்கி அறுந்தது. பக்கத்து வீட்டுச் சிறுமி, எட்டு வயது, கெண்டைக்காலில் கடித்துவிட்டான்.

அன்று என் மாமியார் மட்டும் பதறாமல் நின்றார். குழந்தையைத் தொட்டிக் குழாயடிக்குத் தூக்கிப் போய், சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் புண்ணைக் கழுவினார். மஞ்சளோ சுண்ணாம்போ எதையும் அப்பவிடவில்லை. பிறகு அரசு மருத்துவமனை. கடித்த நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று ஊசி. நான்கு தவணைக்கும் நான்தான் அந்தப் பிள்ளையைக் கையில் பிடித்து அழைத்துப் போனேன். நாய்க்கு வெறி இல்லை, குழந்தையும் நன்றாக இருக்கிறாள். ஆனால் அந்தக் கடி எங்களால் வந்த கடி. அவனுக்கு உலகம் என்பதே சங்கிலி எட்டும் தூரம்தான். அதற்கு வெளியே அசைவது எல்லாம் அவனுக்குப் பகை. யார் நல்லவர், யார் கெட்டவர் என்று அவனுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்?

சட்டமும் இதைச் சொல்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தில், நியாயமில்லாத அளவு குட்டையான சங்கிலியிலோ கனமான சங்கிலியிலோ நீண்ட நேரம் கட்டிவைப்பது குற்றம். எப்போதும் கட்டியே கிடக்கும் நாயை நடமாட விடாமல் இருப்பதும் குற்றம். இன்னொன்று, நம் நாயால் பிறருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால் பாரதிய நியாய சன்ஹிதா என்கிற இப்போதைய குற்றவியல் சட்டத்தின் 291ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. 'நாய்கள் ஜாக்கிரதை' என்று பலகை மாட்டிவிட்டால் நம் பொறுப்பு தீர்ந்துவிடாது.

செவலை வந்தபோது எல்லாவற்றையும் மாற்றினோம். தாயிடம் இரண்டு மாதம் பால் குடித்து வளர்ந்த குட்டியாகப் பார்த்து வாங்கினோம். முப்பது நாள் குட்டியைக் கொடுக்க ஆள் இருப்பார்கள், வாங்காதீர்கள். உடன்பிறந்த குட்டிகளோடு கடித்து விளையாடும்போதுதான் எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்று குட்டி கற்றுக்கொள்கிறது. அதை நம்மால் சொல்லித்தர முடியாது.

மூன்று வாரத்திலிருந்து பதினான்கு வாரம் வரை குட்டியின் மனது திறந்திருக்கும். அந்த நாட்களில் எதைப் பார்த்துப் பயப்படாமல் இருக்கிறதோ, அதைப் பார்த்துப் பிறகும் பெரும்பாலும் பயப்படாது. அதனால் இவனைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றினேன். குடை பிடித்தவர், தலைக்கவசம் போட்டவர், ஊன்றுகோல் தாத்தா, பள்ளிச் சீருடைப் பிள்ளைகள், பால்கேன் கட்டிய வண்டி, தபால்காரர், எல்லாவற்றையும் காட்டினேன். ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டு அவித்த முட்டை கொடுத்து ஊட்டச் சொன்னேன். தடுப்பூசி முடியும்வரை தெருவில் இறக்கிவிடவில்லை. குட்டிகளைக் கொண்டுபோகிற பார்வோ நோய் அவ்வளவு கொடியது. 'எல்லோரிடமும் கொஞ்சினால் காவல் காக்குமா?' என்று மாமனார் கவலைப்பட்டார். காக்கிறது. எது வழக்கம் என்று தெரிந்த நாய்க்குத்தான் எது வழக்கத்துக்கு மாறானது என்று தெரியும்.

நான்கு வருடம் கேட்டுக் கேட்டு இவன் பாஷை எனக்கு விளங்கிவிட்டது. பால்காரர் வந்தால் இரண்டே குரைப்பு, வாலும் ஆடும். தெரியாதவர் கேட்டில் நின்றால் அடிவயிற்றிலிருந்து வரும், நிறுத்தமாட்டான், நான்கு காலையும் ஊன்றி நிற்பான். தென்னையில் குரங்கு ஏறினால் அண்ணாந்தபடி மரம் மரமாக ஓடிக் குரைப்பான். பாம்பு என்றால் குரல் மெலிந்து உயரும். முன்னால் ஒரு எட்டு, பின்னால் இரண்டு எட்டு. அந்தக் குரல் கேட்டால் நான் முதலில் டார்ச்சைத்தான் எடுப்பேன்.

போன ஆடியில் ஒரு ராத்திரி, இரண்டு மணி இருக்கும். இதுவரை கேட்காத குரைப்பு. தொடர்ச்சியாக, ஆனால் இடம் மாறாமல், மோட்டார் அறைப் பக்கத்திலிருந்து. மாமனார் வெளி விளக்குகள் அத்தனையும் போட்டார். வரப்பில் யாரோ ஓடுகிற சத்தம், பிறகு வேலி முறிகிற சத்தம். போய்ப் பார்த்தால் மோட்டார் வயர் பாதி அறுபட்டுத் தொங்குகிறது. உள்ளே செம்புக் கம்பி பளபளவென்று தெரிந்தது, பக்கத்தில் ஒரு கட்டிங் பிளேயர் கிடந்தது. செவலை துரத்திக்கொண்டு போகவில்லை. வீட்டுக்கும் மோட்டார் அறைக்கும் நடுவில் நின்றபடி, எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக் குரைத்தான். எனக்கு அது போதும். வந்தவனும் உடம்பில் காயமில்லாமல் போனான், எங்கள் பொருளும் தப்பியது. நாய் நம்மை எழுப்ப வேண்டும், வந்தவனைக் கிழிக்க வேண்டியதில்லை. கடிக்கப் பழக்கித் தருகிறோம் என்று யாராவது வந்தால், குழந்தைகள் இருக்கும் வீட்டில் தயவுசெய்து வேண்டாம். சூ காட்டுவதும் எங்கள் வாசலில் அடியோடு கிடையாது. விளையாட்டுக்குக்கூட.

அதற்காகக் 'குரைக்கிற நாய் கடிக்காது' என்கிற பழமொழியை நம்பிக் கையை நீட்டிவிடாதீர்கள். பயந்த நாய் குரைக்கவும் செய்யும், கடிக்கவும் செய்யும்.

பழக்கியதில் இரண்டு விஷயம்தான் முக்கியம். ஒன்று, அவன் குரைத்தால் யாராவது எழுந்து போய்ப் பார்ப்போம். பார்த்துவிட்டு 'போதும்' என்று ஒரே ஒரு முறை சொல்வேன். வாயை மூடினால் தலையைத் தடவி ஒரு கடலை கொடுப்பேன். போய்ப் பார்க்காமல் 'சும்மா இரு' என்று உள்ளேயிருந்து கத்தினால், நாமும் சேர்ந்து குரைக்கிறோம் என்றுதான் அது நினைத்துக்கொள்ளும்.

இரண்டாவது, தரையில் கிடப்பதைத் தின்னாமல் இருப்பது. விஷம் தடவிய கறித்துண்டை வேலிக்கு மேல் எறிந்து நாயைக் கொன்றுவிட்டுத் திருட வருவது பழைய தந்திரம். அவனுக்கு அறிமுகம் இல்லாத ஒருவரை அழைத்துக் கறியை எறியச் சொல்வோம். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு 'வேண்டாம்' என்பேன். விட்டுவிட்டால் அதைவிடப் பெரிய துண்டு என் கையிலிருந்து கிடைக்கும். தினம் பத்து நிமிடம் என்று நான்கைந்து மாதம் ஆனது. இன்னமும் வாரம் ஒருமுறை செய்கிறோம். நூற்றுக்கு நூறு நம்ப முடியாது என்பதால் காலையில் எழுந்ததும் வேலியோரம் ஒரு சுற்று நானே பார்த்துவிடுவேன்.

சாப்பாடு கம்பஞ்சோறு, முட்டை, எலும்பு நீக்கிய கோழி. வெங்காயம் சேர்ப்பதில்லை. எங்கள் பள்ளத்தாக்கு முழுக்கப் பன்னீர்த் திராட்சைத் தோட்டம், ஆனால் திராட்சை நாயின் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். உதிர்ந்த பழத்தைக்கூடப் பெருக்கி எடுத்துவிடுகிறோம். வெறிநாய்த் தடுப்பூசி வருடம் தவறுவதில்லை. சாயங்காலம் உண்ணி பார்ப்பது என் வேலை, காது மடலுக்குள்ளும் விரலிடுக்கிலும்தான் ஒளிந்திருக்கும். இதோ, கொடுடா காலை... இன்று ஒன்றும் இல்லை.

பகலில் தொழுவ நிழலில் படுத்திருப்பான், காலையும் மாலையும் வரப்பில் நடை. இரவில் கேட்டைப் பூட்டிவிட்டு உள்ளே அவிழ்த்துவிடுகிறோம். மழை பெய்தால் கூடத்தில் எங்களோடு படுப்பான். மாமனார்தான் அவனுக்குச் சாக்கு விரிப்பார், அன்று கவலைப்பட்ட அதே மாமனார்.

இருங்கள்... கேட்கிறதா? காது நிமிர்ந்துவிட்டது. இது பால்காரருக்கான குரைப்பு இல்லை. செவலை... போதும். பார்த்தீர்களா, நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறான். கேட்டில் யாரோ நிற்கிறார்கள். யாரென்று பார்த்துவிட்டு வருகிறேன்.