செவ்வாய்க்கிழமை இரவு எட்டேகாலுக்கு யார் வருகிறார்கள்?

[காட்சி: ஒரு சிறிய உணவகம். பதினொரு மேசை, இரண்டில் மட்டும் ஆள். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு டேப்லெட் 'டிங்' என்கிறது.]

அந்தச் சத்தம் கேட்டதா? ஆர்டர் வந்திருக்கிறது. வேறு நாட்டிலிருந்து குடியேறி வந்து இந்தக் கடையை நடத்தும் அம்மா கல்லாவிலிருந்து எட்டிப் பார்க்கிறார், உள்பக்கம் திரும்பித் தன் மொழியில் ஏதோ சொல்கிறார். வாணலி ஏறுகிறது. கொஞ்ச நேரத்தில் வாசலில் ஹெல்மெட் போட்ட ஒருவர் வந்து நிற்கிறார். வியாபாரம் நடக்கிறது. ஆனால் அந்த அம்மா முகத்தில் பெரிதாக ஒரு சந்தோஷமும் இல்லை. ஏன்?

[திரையில்: 100 என்ற எண். அது ஒவ்வொரு துண்டாகக் கரைகிறது.]

பில் நூறு என்று வையுங்கள். எந்த நாட்டுப் பணமாக இருந்தாலும் சரி. செயலி வழியாக வந்த ஆர்டர் என்றால், அதில் 30 வரைக்கும் கமிஷனாகவே போகலாம். மிச்சம் 70. சமையல் பொருளுக்கு ஒரு 30. சம்பளத்துக்கு இன்னொரு 30. கையில் நிற்பது 10. வாடகை, மின்சாரம், எரிவாயு, பார்சல் டப்பா, காப்பீடு எல்லாம் அந்தப் பத்துக்குள் அடங்க வேண்டும். அடங்காது. தோராயக் கணக்குதான், கடைக்குக் கடை மாறும். ஆனாலும் கல்லாவில் உட்கார்ந்த யாரைக் கேட்டாலும் இதற்குப் பக்கத்தில்தான் சொல்வார்கள்.

நியூயார்க் நகரம் 2020-இல், பெருந்தொற்றுக்கு நடுவே, இந்தக் கமிஷனுக்கு ஒரு கடிவாளம் போட்டது. டெலிவரிக்கு 15 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது, விளம்பரம் மாதிரி மற்ற சேவைகளுக்கு 5 சதவீதம். 2021-இல் அதை நிரந்தரச் சட்டமாகவும் ஆக்கினார்கள். உணவு டெலிவரி செயலி நிறுவனங்களான டோர்டேஷ், கிரப்ஹப், உபர் ஈட்ஸ் மூன்றும் கைகோத்துக்கொண்டு நீதிமன்றம் போயின. பிற்பாடு விதி தளர்ந்தது. ஒரு மாநகராட்சியும் மூன்று பெரிய நிறுவனங்களும் அந்தச் சில சதவீதத்துக்காக வருடக்கணக்கில் மல்லுக்கட்டியிருக்கின்றன என்றால், நம் கல்லா அம்மாவுக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

குடியேறியவர்கள் நடத்தும் உணவகங்களை ஆதரிப்போம் என்று எல்லோரும் சொல்கிறோம். அந்த ஆதரவு எந்தப் பாக்கெட்டில் போய் விழுகிறது, எந்த நேரத்தில் விழுகிறது என்பதுதான் இந்த வீடியோ.

[காட்சி: பழைய கறுப்பு வெள்ளைத் தெரு. மாடிவரை பெயர்ப்பலகைகள்.]

முதலில், வேறு நாட்டுக்குப் போனவர்கள் ஏன் இத்தனை பேர் உணவகம் திறக்கிறார்கள்? சமைக்கப் பிடிக்கும் என்பதாலா? சிலருக்கு அப்படித்தான். பெரும்பாலும், மற்ற கதவுகள் மூடியிருந்ததால். படித்த படிப்பு அங்கே செல்லாது, மொழி வராது, வேலை கொடுக்க ஆள் இல்லை. அடுப்புக்கு மட்டும் சான்றிதழ் கேட்பதில்லை.

சட்டமே ஆட்களை அடுப்படிக்குத் தள்ளிய கதையும் உண்டு. அமெரிக்கா 1882-இல் சீனத் தொழிலாளர்கள் உள்ளே வரவே கூடாது என்று சட்டம் போட்டது. வணிகர்களுக்கு மட்டும் விலக்கு. உணவகம் நடத்துபவர் வணிகரா என்ற கேள்விக்கு 1915-இல் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு 'ஆம்' என்றது. அவ்வளவுதான், சீன உணவகங்கள் மளமளவென்று பெருகின. பல பேர் காசு போட்டு ஒரே உணவகத்தைத் திறந்து, முறை வைத்து ஆளுக்குக் கொஞ்ச காலம் மேலாளராக இருந்தார்கள். அந்தப் பதவியை வைத்துத்தான் ஊருக்குப் போய்த் திரும்பி வரவும், சொந்தக்காரரைக் கூட்டி வரவும் முடிந்தது. அந்தத் தடைச் சட்டம் 1943 வரை இருந்தது. இன்று அமெரிக்காவில் மூலைக்கு மூலை இருக்கும் சீன உணவகத்துக்குப் பின்னால், ருசியோடு சேர்த்து இந்தக் குடியேற்றச் சட்டமும் இருக்கிறது.

காசு எங்கிருந்து வந்தது? வங்கி கொடுக்கவில்லை. சீட்டு! கரீபியர்கள் அதை 'சூசூ' என்பார்கள், கொரியர்கள் 'கே', சீனர்கள் 'ஹுய்'. பெயர்தான் வேறு. பத்துப் பேர் மாதாமாதம் போட்டு ஒருவர் எடுக்கும் அதே நம்பிக்கைக் கணக்கு. நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆக, வெளியில் இருந்து 'ஆதரவு' வருவதற்கு முன்பே இந்தக் கடைகள் ஒரு கூட்டத்தின் தோளில்தான் நின்றன.

[காட்சி: காலியான தெரு. திரையில்: பிப்ரவரி 2020.]

வெளி உலகம் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு 2020 ஒரு பாடம். நியூயார்க்கில் ஊரடங்கு வந்தது மார்ச்சில்தான். ஆனால் சீனர்கள் கடை வைத்து வாழும் சைனாடவுன் பகுதியின் மேசைகள் அதற்கு முன்பே காலியாகிவிட்டன. கிருமிக்கு முன்பே பயம் வந்து உட்கார்ந்துவிட்டது. சான் ஃபிரான்சிஸ்கோவில் பிப்ரவரி 24 அன்று அப்போதைய அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைத் தலைவர் நான்சி பெலோசி அங்குள்ள சைனாடவுனுக்கே நேரில் போய், எல்லோரும் இங்கே வாருங்கள் என்று சொல்லிப் பார்த்தார். நியூயார்க் சைனாடவுனில் இளைஞர்கள் நிதி திரட்டினார்கள், தெருவில் விளக்குக் கட்டினார்கள்.

அரசுப் பணமும் வந்தது. வந்த விதத்தைப் பாருங்கள். ஏப்ரல் 2020-இல் சிறு தொழில்களுக்கு 34,900 கோடி டாலர் கடன் திட்டம், வங்கிகள் வழியாக. 13 நாளில் தீர்ந்துவிட்டது. வங்கி மேலாளரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குப் பழக்கம் உள்ளவர்கள் வரிசையில் முன்னால் நின்றார்கள். சீட்டுப் போட்டுக் கடை திறந்தவருக்கு எந்த மேலாளர்?

அடுத்த வருடம் உணவகங்களுக்கென்றே 2,860 கோடி டாலர் நிதி. இந்த முறை கொஞ்சம் யோசித்தார்கள். பெண்கள், முன்னாள் ராணுவத்தினர், சமூக ரீதியில் ஒதுக்கப்பட்டவர்கள் ஆகியோருக்கு முதல் 21 நாள் முன்னுரிமை. இனத்தையும் பாலினத்தையும் பார்த்து முன்னுரிமை தருவது சரியல்ல என்று வேறு சில உணவக உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள், ஜெயித்தார்கள். 'உங்களுக்கு ஒப்புதல் ஆகிவிட்டது' என்று சொல்லப்பட்ட ஏறக்குறைய 3,000 உணவகங்களுக்கு, அந்த ஒப்புதல் திரும்பிப் போனது. விண்ணப்பித்தது 2,78,000-க்கும் மேல். கிடைத்தது சுமார் 1,01,000 பேருக்கு. அந்த மூவாயிரம் பேரில் ஒருவராக உங்களை நினைத்துப் பாருங்கள். பணம் வருகிறது என்று கட்டட உரிமையாளரிடம் தவணை சொல்லியிருப்பீர்கள்.

[காட்சி: லண்டன். நாட்டிங் ஹில். ஆல் செயின்ட்ஸ் ரோடு, 8-ஆம் எண்.]

சரி, பணத்தைக் கொஞ்சம் ஓரமாக வைப்போம். எனக்குப் பிடித்த கதை இது.

டிரினிடாட்டில் இருந்து வந்த ஃபிராங்க் கிரிச்லோ என்பவர் 1968-இல் இந்த முகவரியில் 'மாங்க்ரோவ்' என்ற உணவகத்தைத் திறந்தார். கரீபியச் சாப்பாடு. ஆனால் அங்கே வந்தவர்கள் சாப்பிட மட்டும் வரவில்லை. வீடு கிடைக்காதவர், வேலை போனவர், போலீஸிடம் அடி வாங்கியவர், வழக்கறிஞர் தேடுபவர், எல்லோரும் உதவி கேட்டு வரும் இடம் அதுதான். ஒரு மேசையில் பாட்டுக்காரர்கள், அடுத்த மேசையில் அரசியல்.

போலீஸுக்குக் கண் உறுத்தியது. போதைப்பொருள் இருக்கிறது என்று சொல்லி 1969 ஜனவரியிலிருந்து 1970 ஜூலைக்குள் 12 முறை சோதனை. ஒருமுறைகூட எதுவும் சிக்கவில்லை. ஆனால் பன்னிரண்டு முறை போலீஸ் வந்து போகும் கடையில் வாடிக்கையாளர் எப்படி நிம்மதியாகச் சாப்பிடுவார்? நடுவில் இரவு நேர உரிமமும் போனது. உணவகத்தைக் கொல்லப் பூட்டுப் போட வேண்டியதில்லை. நேரத்தைப் பிடுங்கினால் போதும்.

1970 ஆகஸ்ட் 9 அன்று சுமார் 150 பேர், மாங்க்ரோவை விட்டுவிடு என்று காவல் நிலையங்களை நோக்கி ஊர்வலம் போனார்கள். போலீஸ் எண்ணிக்கை அவர்களைவிட அதிகம். கைகலப்பு. ஒன்பது பேர் மீது கலவரத்தைத் தூண்டியதாக வழக்கு. கிரிச்லோவும் அதில் ஒருவர். வழக்கு ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில் 55 நாள் நடந்தது. அந்த ஒன்பது பேரில் டார்கஸ் ஹௌ, அல்தியா ஜோன்ஸ் லெகாயின்ட் இருவரும் வக்கீல் வைக்காமல் தங்களுக்குத் தாங்களே வாதாடினார்கள். எங்களைப் போன்றவர்களே எங்கள் ஜூரியில் இருக்க வேண்டும் என்று இங்கிலாந்தின் பழைய உரிமைச் சாசனமான மேக்னா கார்ட்டாவையே எடுத்துக் காட்டினார்கள். 1971 டிசம்பரில் தீர்ப்பு: கலவரக் குற்றச்சாட்டிலிருந்து ஒன்பது பேரும் விடுதலை. காவல்துறைக்குள் இன வெறுப்பு இருந்ததற்குச் சான்று தெரிகிறது என்று நீதிபதியே சொன்னார். இரண்டு பக்கமும் என்றுதான் சொன்னார், ஆனால் அந்தக் காலத்தில் அதுவே பெரிய செய்தி.

அந்த 150 பேர் ஒரு சாப்பாட்டுக் கடைக்காகத் தெருவில் இறங்கியதற்குக் காரணம், கடை அதற்கு முன்பே அவர்களுக்காக இறங்கியிருந்தது. இது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஆதரவு என்ற சொல்லில் ஒரு பக்கம் கொடுப்பவர், மறுபக்கம் வாங்கிக்கொள்பவர் என்று ஒரு நினைப்பு ஒளிந்திருக்கிறது. மாங்க்ரோவில் யார் யாரைத் தாங்கினார்கள் என்று பிரிக்கவே முடியாது.

[காட்சி: பழைய கட்டடம் ஒன்றின் முகப்பு. மெல்ல நகரும் கேமரா.]

சோதனை போட வராத எதிரியும் உண்டு. வாடகை. கடை வந்தால் தெரு உயிர் பெறும், தெரு உயிர் பெற்றால் வாடகை ஏறும், வாடகை ஏறினால் கடை போகும்.

வடக்கு லண்டனில் செவன் சிஸ்டர்ஸ் ரயில் நிலையத்துக்கு மேலேயே ஒரு சந்தை, லத்தீன் அமெரிக்கர்களின் கடைகளும் சாப்பாட்டு இடங்களும் நிறைந்தது. இடித்துப் புதுக் கட்டடம் எழுப்பத் திட்டம் வந்தது. கடைக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் பத்து வருடத்துக்கு மேல் எதிர்த்தார்கள். 2021 ஆகஸ்டில் கட்டுமான நிறுவனம் விலகிக்கொண்டது. ஜெயித்துவிட்டார்கள். ஆனால் சந்தை 2020-லிருந்தே மூடிக் கிடந்தது. ஜெயித்த செய்தி வந்த நாளில், கல்லாவைத் திறக்க அவர்களுக்கு இடம் இல்லை.

சான் ஃபிரான்சிஸ்கோ வேறு வழி பிடித்தது. 2015-இல் மக்கள் வாக்கெடுப்பில் ஒரு ஏற்பாடு கொண்டுவந்தார்கள். 30 வருடத்துக்கு மேல் நடக்கும் பாரம்பரியக் கடைகளின் பட்டியல். கடைக்கு மட்டுமல்ல, அந்தக் கடைக்குப் பத்து வருடக் குத்தகை எழுதிக் கொடுக்கும் கட்டட உரிமையாளருக்கும் மானியம்! யார் கையில் சாவி இருக்கிறது என்று தெரிந்துகொண்டு செய்த வேலை. குடியேறியவர்களுக்கென்று மட்டும் இது இல்லை, அதோடு பெரும்பாலும் முப்பது வருடம் தாங்கிய பிறகுதான் உள்ளே வர முடியும் என்பது ஒரு குறை. முதல் சில வருடங்களிலேயே பலர் விழுந்துவிடுகிறார்களே?

[காட்சி: மெனு அட்டை. விலைப் பகுதிக்கு நெருங்கும் கேமரா.]

இப்போது நம் பக்கம். ஒரு தடவை ஒரு குடியேறியவர் கடைக்கு 'ருசி பிரமாதம், விலை கொஞ்சம் ஜாஸ்தி' என்று நான்கு நட்சத்திரம் போட்டேன். அதே வாரம் ஒரு ஐரோப்பிய உணவகத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு கொடுத்துவிட்டு வாயைத் திறக்கவில்லை. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் உணவு பற்றி ஆராயும் கிருஷ்ணேந்து ராய் இதைத்தான் சொல்கிறார்: ஒரு நாட்டுச் சாப்பாட்டுக்கு எவ்வளவு தரலாம் என்று நாம் போடும் விலை, அந்த நாட்டு மக்களுக்கு நாம் கொடுக்கும் மதிப்போடு சேர்ந்தே ஏறி இறங்குகிறது. ஜப்பான் பணக்கார நாடாக ஆக, ஜப்பான் சாப்பாடும் விலை ஏறியது. சமையல்காரர் படும் பாடு விலை குறைந்த சாப்பாட்டிலும் கூடிய சாப்பாட்டிலும் ஒன்றுதான். அந்த நாலு நட்சத்திரத்தை அப்புறம் போய் மாற்றினேன்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. முதலாளி குடியேறியவர் என்றால் பாத்திரம் கழுவுபவரும் பெரும்பாலும் குடியேறியவர்தான், பல சமயம் குடியேற்றக் காகிதம் சரியில்லாதவர். 'நம்ம ஆள்' என்ற பாசத்தில் சம்பளம் குறைகிற கடைகளும் இருக்கின்றன. கடையை ஆதரிக்கிறேன் என்று கிளம்புகிறவர், டிப்ஸ் யாருக்குப் போகிறது என்று ஒரு வார்த்தை கேட்டால் தப்பில்லை.

திருவிழாக்கள்? நல்லதுதான். 2016-இல் பாரிஸில் தொடங்கிய அகதிகள் உணவு விழாவில், உள்ளூர் உணவகங்கள் தங்கள் சமையலறையையே அகதிச் சமையல்காரர்களுக்குக் கொடுக்கின்றன. அதன் பலன் அன்றைய விற்பனையில் இல்லை, அந்தச் சமையல்காரரை ஊருக்குத் தெரிய வைப்பதில் இருக்கிறது. ஆனால் விழா முடிந்த அடுத்த வாரமும் வாடகைத் தேதி வரும். சனிக்கிழமை எப்படியும் நிரம்பும் மேசைக்கு நாம் வரிசையில் நிற்பதைவிட, செவ்வாய்க்கிழமை காலியாகக் கிடக்கும் மேசையில் போய் உட்காருவது அவர்களுக்குப் பெரிது. அலுவலகக் கூட்டத்துக்கு இருபது சாப்பாடு அவர்களிடம் சொன்னால், அந்த மாதத்து மின்கட்டணம் தேறலாம். வீட்டுக்குத்தான் வேண்டும் என்றால் செயலியைத் திறக்காமல் கடைக்கே போன் போடுங்கள். அந்த 30 அங்கேயே நிற்கும்.

[காட்சி: அதே உணவகம். டேப்லெட் அமைதியாக இருக்கிறது. சுவரில் உள்ள தொலைபேசி அடிக்கிறது. அம்மா கை துடைத்துக்கொண்டு எடுக்கிறார்.]

மொழி கொஞ்சம் இடிக்கும். ஆர்டரை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கும். அவரும் இரண்டு தடவை திருப்பிச் சொல்லிச் சரிபார்ப்பார். அப்புறம் எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று கேட்பார். எட்டேகால் என்று சொல்லுங்கள்.