கரண்ட் போன நேரம்

நேயர்களுக்கு வணக்கம்.

மிக்ஸியில் தேங்காய் அரைத்துக்கொண்டிருக்கிறீர்கள். பாதியில் கரண்ட் போய்விடுகிறது. உடனே ஸ்விட்சை அணைப்பீர்களா? பல வீடுகளில் அணைப்பதில்லை. 'கரண்டுதான் இல்லையே' என்று விட்டுவிடுவோம். கரண்ட் திரும்ப வந்ததும் மிக்ஸி தானாக அலறும்போதுதான் ஓடிப்போய் அணைப்போம்.

இந்த மிக்ஸியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்று பேச்சு வேலையிடத்து விபத்துகளைப் பற்றி. முதலில் சொல்லப்போவது என் சித்தப்பாவின் கதை. 32 வருடம் ஆலைகளில் பாதுகாப்பு அலுவலராக வேலை பார்த்தேன். எந்த ஊரில் பயிற்சி வகுப்பு எடுத்தாலும் அவரிடமிருந்துதான் தொடங்குவேன்.

நம் குமரி மாவட்டத்தில் அருமனைப் பக்கம் அவருக்குக் கொஞ்சம் ரப்பர் மரம் இருந்தது. ரப்பர் வேலை மேற்குப் பக்கத்து நேயர்களுக்குத் தெரியும். விடியும் முன்பே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போகவேண்டும். அப்புறம் சிரட்டை சிரட்டையாகப் பால் எடுத்து, டிஷ்ஷில் ஊற்றி, ஆசிட் விட்டு உறையவைத்து, உறைந்ததை ரோலரில் கொடுத்து ஷீட் அடிக்கவேண்டும். சித்தப்பாவிடம் கை ரோலர்தான் இருந்தது. அதற்கு ஒரு மோட்டார் வைத்தார். ஸ்டார்ட்டர் வாங்கினால் கூடுதல் செலவாகும் என்று, சுவரில் ஒரு சாதாரண ஸ்விட்சை வைத்து நேராக இணைத்துவிட்டார்கள்.

ஒரு மழை நாள். ஷீட் பாதி உள்ளே போயிருக்கிறது, கரண்ட் போய்விட்டது. மூன்று மணிக்கே எழுந்த மனிதர். ஷீட் அப்படியே இருந்தால் வீணாகிவிடுமே என்று கையால் இழுத்திருக்கிறார். கரண்ட் வந்தது. ரோலர் சுற்றியது. வலது கையில் இரண்டு விரல்களின் நுனி போயிற்று.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவரைப் பார்த்துப் பாட்டி முதலில் கேட்டது இதுதான்: "எங்க பாத்துக்கிட்டு நின்ன மக்கா?" ஊரே அதைத்தான் கேட்டது. சித்தப்பாவும் சாகும்வரை, "என் கவனக்குறைவுதான்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ரோலர் அதே சுவர் ஸ்விட்சோடு இன்னும் எட்டு வருடம் ஓடியது. நேயர்களே, விரல் போனதைவிட இந்த எட்டு வருடம்தான் என்னை உறுத்துகிறது.

ஸ்டார்ட்டர் இருந்திருந்தால், கரண்ட் போனதும் இணைப்பு தானாக விடுபட்டுவிடும். கரண்ட் வந்தாலும் பச்சைப் பொத்தானை அழுத்தினால்தான் மோட்டார் ஓடும். ரோலருக்கு முன்னால் கை நுழையாதபடி ஒரு கம்பித் தடுப்பு இருந்திருந்தாலும் போதும். சுழலும் இயந்திரத்துக்குத் தடுப்பு வேண்டும் என்று 1948-ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு அப்போதே சொன்னது. ஆனால் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற ஷெட்டை அந்தச் சட்டம் எட்டிப்பார்க்கவில்லை. இரண்டு பேர் வேலை செய்கிற இடம் தொழிற்சாலைக் கணக்கில் வராது.

சரி, கவனக்குறைவு என்ற சொல்லுக்கு வருகிறேன். அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த ஹைன்ரிச் என்பவர், 1931-ல் ஒரு கணக்குச் சொன்னார். நூறு விபத்தில் 88, தொழிலாளி செய்த தவறால் நடக்கிறது என்றார். அவர் பார்த்த அறிக்கைகளில் பெரும்பாலானவை முதலாளியும் மேற்பார்வையாளரும் எழுதியவை. பாட்டி எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பார். அந்த 88 இன்றும் பல ஆலைகளின் வகுப்பறைச் சுவரில் தொங்குகிறது.

நம் மாவட்டத்து முந்திரி ஆலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டில் இருக்கிற எண்ணெய் கையைப் பொள்ளவைக்கும். உடைக்கிற பெண்களின் விரல்களைப் பார்த்தாலே தெரியும். 'கையுறை கொடுத்தால் போட மாட்டேன் என்கிறார்கள்' என்று மேலாளர்கள் என்னிடம் குறைபட்டிருக்கிறார்கள். கூலி கிலோக் கணக்கில். உறை போட்டால் விரல் ஓடாது, விரல் ஓடாவிட்டால் கிலோ ஏறாது. அந்த அக்காமார் சாம்பலையோ எண்ணெயையோ தடவிக்கொண்டு உட்காருகிறார்கள். கூலியை அப்படிக் கணக்கிட்டுவிட்டு, உறை போடவில்லை என்று அறிக்கையில் எழுதுவது எந்த ஊர் நியாயம்?

'யார் தப்பு' என்று முதலில் கேட்டால் ஒரு பெயர் கிடைக்கும். பெயர் கிடைத்ததும் விசாரணை முடிந்துவிடும். சுவர் ஸ்விட்ச் அப்படியே இருக்கும்.

ஜேம்ஸ் ரீசன் என்ற ஆங்கிலேய உளவியல் பேராசிரியர், ஒரே தவறால் விபத்து வருவதில்லை என்பதை ஓட்டை விழுந்த பாலாடைக்கட்டி வில்லைகளை வைத்து விளக்கினார். நமக்கு ஓட்டு வீடு போதும். ஓடு ஒன்று விலகினாலும் கீழே மச்சுப் பலகை தாங்கிக்கொள்ளும். விலகிய ஓட்டுக்கு நேர் கீழே பலகையிலும் கீறல் இருந்தால்தான் பாய் நனையும். போபாலில் 1984 டிசம்பரில் விஷவாயுத் தொட்டியைக் குளிரவைக்கும் இயந்திரம் நிறுத்தப்பட்டிருந்தது, வாயுவை எரிக்கிற கோபுரமும் வேலை செய்யவில்லை. மேலே ஓடு, கீழே பலகை, இரண்டும் ஏற்கனவே ஓட்டையாகக் கிடந்தன.

அடுத்தது, ஆலை வாசலில் வைக்கிற போர்டு. 'விபத்தில்லாத நாட்கள்' என்று எழுதி, கீழே ஒரு எண் இருக்கும். நான் வேலை பார்த்த ஓர் ஆலையில் அந்த எண் 400-ஐத் தாண்டியிருந்தது. 500 ஆனால் எல்லோருக்கும் பரிசு. ஒருநாள் ஃபிட்டர் ஒருவரின் கைவிரல் நசுங்கியது. லீவு எடுத்தால் எண் பூஜ்யமாகிவிடும். அதனால் அவரைத் தினமும் ஜீப்பில் கூட்டிவந்து, கட்டுப்போட்ட கையோடு ஸ்டோர் ரூமில் உட்காரவைத்தார்கள். சக தொழிலாளிகளும் 'அண்ணே, இன்னும் கொஞ்ச நாள்தானே' என்று கெஞ்சினார்கள். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டது நான். 500 வந்தது, குக்கர் கொடுத்தார்கள். அந்தக் குக்கரை என் மனைவி வெகுகாலம் உபயோகித்தாள். ஒவ்வொரு விசிலுக்கும் எனக்கு அந்தக் கட்டுப்போட்ட கைதான் கண்ணில் வரும்.

2010 ஏப்ரல் 20-ஆம் தேதி மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு தோண்டிய டீப்வாட்டர் ஹொரைசன் மிதவை வெடித்து 11 பேர் இறந்தார்கள். ஏழு வருடம் வேலைநாள் இழக்கும்படி ஒருவருக்கும் காயம் இல்லை என்று பாராட்ட, அன்றைக்கே பெரிய அதிகாரிகள் அதில் வந்திருந்தார்கள். காலில் அடிபடாததை எண்ணிக்கொண்டிருந்தவர்களுக்கு, கிணற்றின் அடியிலிருந்து அழுத்தம் ஏறியதை அந்த எண் சொல்லவில்லை.

ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, இன்னும் இரண்டு நிமிடம்தான் என்று இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். மயிரிழையில் தப்பிய சம்பவங்களைப் பற்றித்தான் நிறையப் பேச நினைத்தேன், சுருக்கிவிடுகிறேன். ஏணி சறுக்கியது, ஆள் விழவில்லை. 'கடவுள் காத்தார்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். அந்த ஏணி மறுநாளும் அங்கேயே நிற்கும். அமெரிக்காவில் 1976 முதல் விமானிகள் இப்படித் தப்பியதை எழுதி அனுப்ப ஓர் ஏற்பாடு இருக்கிறது. அதை விமானத் துறை அதிகாரிகளிடம் கொடுக்காமல் நாசாவிடம் கொடுத்திருக்கிறார்கள். அனுப்பியவர் பெயரை நீக்கிவிடுவார்கள்.

நான் கடைசியாக வேலை பார்த்த ஆலையில் கேன்டீன் தூணில் ஒரு நோட்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன். பெயர் எழுத வேண்டாம் என்றேன். மூன்று வாரம் வெறும் தாளாக இருந்தது. நாலாவது வாரம் பென்சிலில் ஒரு வரி: 'கரண்ட் போய் வந்தால் மூன்றாம் நம்பர் கன்வேயர் தானாக ஓடுகிறது.' அன்று மாலையே ஸ்டார்ட்டர் மாற்றினோம். மறுநாள் நோட்டில் ஆறு வரிகள் இருந்தன.

நேரம் ஆகிவிட்டது. வணக்கம்.